பேர், ஊர், தேதி

(கோரிமேட்டில் நடைபெற்ற நம் முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில், 1984ஆம் ஆண்டு வேதியியல் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் தரப்படுகிறது. – மலர்க் குழு)



செயலாளர் போன் செய்து, "உன் தொழிலைப் பத்தி இருபது நிமிஷம் பேசு"ன்னு சொன்னார். "என்ன தலைப்பு போட?"ன்னு கேட்டேன். "அதாம்ப்பா, நீ என்ன பண்றேன்னு எங்களுக்கு இன்னி வரைக்கும் புரியல, அதையே சொல்லு"ன்னார். நாற்பது வருஷ நட்புக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா?

அவரைக் குறை சொல்ல முடியாது. நம் செட்டில் டாக்டர் உண்டு, வக்கீல் உண்டு, பாங்க் மேனேஜர் உண்டு, தலைமையாசிரியர்கள் நாலு பேர் உண்டு. இவர்களெல்லாம் ஒரே வார்த்தையில் தொழிலைச் சொல்லிவிடலாம். என் கல்யாணத்துக்கு முன்பு பெண் வீட்டில் கேட்டார்கள், "மாப்பிள்ளை படம் வரைவாரா?" "இல்லீங்க, படம் வரையறவங்களப் பத்தி எழுதுவாரு." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என் மாமனார் கேட்டார்: "அதுக்கு யாரு காசு தருவாங்க?" அந்தக் கேள்விக்கு முழுப் பதில் இன்னும் என்னிடம் இல்லை. ஆனால் அந்த வேலை எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

நான் இந்தக் கோரிமேட்டிலேயே வளர்ந்தவன். இங்கே வளர்ந்த பிள்ளைக்கு ஜிப்மர்தான் கடிகாரம். விடியற்காலையில் விழுப்புரம், கடலூர், திண்டிவனம் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் கூட்டத்தை வைத்தே மணி சொல்லிவிடுவோம். என் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு பிரிவில் வேலை. அவர் டாக்டர் இல்லை, ஒரு ஊசி போட்டதில்லை. ஆனால் பத்து வருஷம் கழித்து வரும் நோயாளியின் பழைய கேஸ் ஷீட்டை எடுத்துக் கொடுப்பவர். "டேய், பேர், ஊர், தேதி. இந்த மூணும் இல்லாத காகிதம் எடைக்குத்தான் போகும்" என்பார். சின்ன வயதில் அது எனக்கு ஒரு குமாஸ்தாவின் பேச்சாகத்தான் பட்டது.

படம் பார்க்கும் பழக்கம் கல்லூரி நாளில் வந்தது. வேதியியல் படித்தவனுக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பவுடர் கலரில் என்ன உப்பு இருக்கிறது என்று பார்க்கப் போய், பிறகு படத்தையே பார்க்க ஆரம்பித்துவிட்டேன். சனிக்கிழமைகளில் கடற்கரைப் பக்கம் சைக்கிளை மிதிப்பேன். செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு நிறுவனம் இருக்கிறதல்லவா? 1955இல் தொடங்கப்பட்டது. அங்கே தென்னாட்டுக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் போட்டோ எடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சிற்பம், எந்த வருஷம் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. பார்த்த உடனே எனக்கு அப்பாவின் ரெக்கார்டு அறைதான் ஞாபகம் வந்தது. நோயாளிக்குப் பதில் நடராஜர், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம ஊரில் இந்த வேலைக்கு ஒரு முன்னோடி உண்டு. ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர். 1885இல் சைகோனில் பிறந்தவர். புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்தார். லீவு விட்டால் கோயில் கோயிலாகப் போவார். கல்வெட்டு இல்லாத கோயிலின் காலத்தை எப்படிச் சொல்வது? தூணின் மேலிருக்கும் போதிகை, கூரை விளிம்பிலிருக்கும் கூடு, இவற்றின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறி வருவதை வரிசைப்படுத்தினார். இந்த உறுப்புகளின் பெயர்களை அந்தக் காலத்தில் உளி பிடித்து வேலை செய்துகொண்டிருந்த நம் ஆட்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். 1914இல் அவர் புத்தகம் வந்தது. சித்தன்னவாசல் ஓவியங்களும் காஞ்சி கைலாசநாதர் கோயில் ஓவியங்களும் வெளியுலகத்துக்குத் தெரிந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே ஒருவர் இவ்வளவு செய்ய முடியுமா என்று அன்றைக்கு மலைத்தேன். அவரைப் பார்த்துத்தான் நானும் இறங்கினேன்.

ஆனால் இறங்கியவன் ஒழுங்காக இறங்கினேனா? இல்லை. அதைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

1991 என்று நினைக்கிறேன். ஒரு பத்திரிகைக்கு சினிமா பேனர் ஓவியர்களைப் பற்றி எழுதினேன். நம் நகரத்துத் தியேட்டர்களுக்கெல்லாம் பேனர் போட்ட ஒரு மாஸ்டர். உங்களில் பாதிப்பேர் அவர் வரைந்த ரஜினியையும் கமலையும் பார்த்து வாய் பிளந்தவர்கள்தான். சின்னப் போட்டோவில் பென்சிலால் கட்டம் போடுவார். துணியிலே அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம். கரியால் கோடு. பவுடர் கலரை எண்ணெயில் குழைத்து, பையன்கள் சட்டையையும் ஆகாயத்தையும் நிரப்புவார்கள். முகம் மட்டும் மாஸ்டர். பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரே நீலமும் சிவப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும். தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றால் கண்ணில் உயிர் வந்துவிடும்.

"மாஸ்டர், பழைய பேனரெல்லாம் எங்கே?"ன்னு கேட்டேன். சிரித்தார். "அடுத்த படம் வந்தா அதே துணியில வெள்ள அடிச்சி அடுத்த மூஞ்சி போடுவோம் தம்பி. இந்தத் துணிக்கு உள்ளார இன்னும் நாலு படம் இருக்கு."

மூன்று ரோல் எடுத்தேன். கட்டுரை வந்தது. சாரத்தில் ஏறி நின்று அவர் வரையும் படத்தைப் பெரிதாகப் போட்டார்கள். எனக்கு ஒரே பெருமை. ஊரெல்லாம் காட்டினேன்.

பதினைந்து வருஷம் போயிற்று. அதற்குள் ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரத்தில் அடித்துத் தள்ளுகிறான். மாஸ்டருக்கு வேலை நின்றது, பிறகு கண்ணும் மங்கியது. ஒருநாள் அவர் மகன் என் வீட்டுக்கு வந்தார். "சார், அப்பாவுக்கு நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருக்கோம். அவரு ஆர்ட்டிஸ்ட்டுதான்னு ஆதாரம் கேக்குறாங்க. நீங்க ஒருவாட்டி புக்குல எழுதினீங்களே, அது இருக்குமா?"

இருந்தது. பத்திரமாக வைத்திருந்தேன். ஓடிப்போய் எடுத்துப் பிரித்தேன். கட்டுரையில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. படத்தின் கீழே "பேனர் வரையும் கலைஞர்" என்று இருந்தது. உள்ளே நாலு பக்கமும் "மாஸ்டர்", "மாஸ்டர்" என்றே எழுதியிருக்கிறேன். ஒரு இடத்தில்கூட அவர் பெயர் இல்லை. நான் கேட்கவே இல்லை. நெகட்டிவ் வைத்திருந்த உறையிலும் ஒன்றும் எழுதவில்லை.

ஆனாலும் அதை எடுத்துக்கொண்டு மகனோடு போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர்தான். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இவரோட அப்பான்னு நான் எப்படிங்க எழுதறது? முதுகுதானே தெரியுது?" என்றார்.

அன்றைக்கு எனக்கு அப்பாவின் குரல் கேட்டது. பேர், ஊர், தேதி.

பிறகு அலைந்தோம். மூடிக் கிடந்த ஒரு தியேட்டரின் பழைய கணக்கு நோட்டில், பேனர் கூலி வாங்கியதற்கு அவர் போட்ட கையெழுத்துகள் கிடைத்தன. முதலாளியின் மகன் ஒரு கடிதம் கொடுத்தார். எல்லாம் சேர்த்து ஆணை வருவதற்குப் பதினான்கு மாதம். அதன் பிறகு மாஸ்டர் அந்தப் பணத்தை ஆறு மாதம்தான் வாங்கினார். நான் பதினைந்து வருஷத்துக்கு முன்பே ஒரு வரி எழுதியிருந்தால், அந்தப் பதினான்கு மாதம் அவருக்கு மருந்து வாங்கக் காசு இருந்திருக்கும். யாரையும் குறை சொல்லவில்லை. தப்பு என்னுடையது.

நான் செய்யும் வேலை என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த அலைச்சலுக்குப் பிறகுதான். கலை ஆராய்ச்சி என்றால் பெரிய பெரிய வார்த்தை போட்டு எழுதுவது என்று நினைத்திருந்தேன். அதுவும் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் யார் செய்தது, எங்கே செய்தது, எப்போது, எதைக்கொண்டு செய்தது, இப்போது யாரிடம் இருக்கிறது என்று எழுத வேண்டும். டாக்டர்கள் 'ஹிஸ்டரி' எடுப்பது என்கிறார்களே, அதேதான். ஹிஸ்டரி எடுக்காமல் மருந்து எழுதலாமா?

இந்தச் சின்னக் குறிப்பின் பலத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருட்டுப் போனார். 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து ஒரு சோழர் கால நடராஜரை வாங்கியது. அது நம்முடையதுதான் என்று எப்படி நிரூபிப்பது? நான் சைக்கிளில் போன அதே பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில், 1994இல் ஸ்ரீபுரந்தானில் எடுத்த போட்டோ இருந்தது. ஊர் இருந்தது, தேதி இருந்தது. 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமரே சிலையை டெல்லியில் ஒப்படைத்தார். 1994இல் அந்தப் படத்துக்குக் குறிப்பு எழுதியவர், இருபது வருஷம் கழித்து அது சாமியைக் கூட்டிக்கொண்டு வரும் என்று நினைத்திருப்பாரா? தன் வேலையைச் சரியாகச் செய்தார், அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம். நம் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டர் சாமி படங்கள். கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) நாடகங்களுக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவர் சீடர்களும் வரைந்த படங்கள் சிவகாசியில் அச்சாகி லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போயின. கலை விமர்சகர்கள் அதைப் படமாகவே மதிக்கவில்லை. ஆனால் படத்தின் மூலையில் கையெழுத்து இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போய் ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற கனடா ஆராய்ச்சியாளர் அவர்கள் வரலாற்றை எழுதினார். எங்கிருந்தோ வந்த ஒருவர் எழுதித்தான் நம் பூஜை அறை ஓவியர் யார் என்று நமக்கே தெரிய வேண்டியிருந்தது. இதில் நமக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தால் தப்பில்லை.

எழுத்தோடு வேலை முடிந்துவிடாது. கலைஞனுக்குச் சோறும் வேண்டும். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். அவரும் அவரைச் சார்ந்த ஓவியர்களும் 1961இல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார்கள். அது எழுத்து. பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள் செய்து விற்று, அந்தக் காசைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். அது சோறு. பகலில் துணிக்குச் சாயம் போட்டால்தான் மிச்ச நேரத்தில் மனசுக்குப் பிடித்த படம் வரையலாம் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஓவியர்களைப் பற்றி மிகவும் கவனமாக எழுதியவர் ஜோசப் ஜேம்ஸ். அவர் ஓவியப் பேராசிரியர் அல்ல, பொருளாதாரப் பேராசிரியர். ஆகவே நண்பர்களே, வேறு பாடம் படித்தவனுக்கு இங்கே இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கலைஞர்களுக்கு உதவுவது என்று நான் சொல்வது என்ன? பெரிய நன்கொடை இல்லை. பெரும்பாலும் பாரம் நிரப்புவதுதான். மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரை உள்ள இளங்கலைஞர்களுக்கு உதவித்தொகை தருகிறது. 25 முதல் 40 வரை ஜூனியர் ஃபெலோஷிப், 40க்கு மேல் சீனியர் ஃபெலோஷிப். பெங்களூரில் 1993இல் தொடங்கப்பட்ட இந்தியக் கலை அறக்கட்டளை என்ற தனியார் நிறுவனமும் ஆய்வுக்கும் படைப்புக்கும் நிதி தருகிறது. விதிகள் மாறும், அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் எல்லாப் பாரமும் கேட்பது ஒன்றுதான்: இதுவரை என்ன செய்தாய், ஆதாரம் காட்டு. வில்லியனூர் சுடுமண் சிற்பங்களுக்கும் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மைகளுக்கும் இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. வில்லியனூர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். நம் மண்ணுக்கே பெருமை. அவருக்குப் பக்கத்துத் தெருவிலும் அடுத்த ஊரிலும் மண் பிசைகிற எத்தனையோ பேருக்கு, செய்த வேலையின் நாலு போட்டோ கூடக் கையில் இருக்காது. அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு ஃபைல் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலையில் பாதி.

மீதியில் கொஞ்சம் சட்டம். வக்கீல் நண்பர்கள் தப்பிருந்தால் திருத்துங்கள். ஒரு ஓவியத்தை விற்றால் படம்தான் போகிறது, அதை அச்சடிக்கும் உரிமை தானாகக் கூடப் போவதில்லை. அந்த உரிமையைக் கொடுப்பதென்றால் எழுத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் அர்த்தம். கூலி பேசி வரையச் சொன்ன படம் என்றால் விஷயம் வேறு, அங்கே முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. காப்புரிமை ஓவியரின் ஆயுளோடு அதற்குப் பிறகு 60 வருஷம். 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் அசல் ஓவியத்தில் ஓவியருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு, பத்து சதவீதத்துக்கு மேற்படாமல், கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதை நான் சொன்னபோது ஒரு ஓவியர், "அண்ணே, மொத விற்பனையே ஆவலியே" என்றார். அதுவும் நியாயம்தான்.

படைப்பைச் சிதைத்தால்கூடக் கேட்கலாம். டெல்லி விஞ்ஞான் பவன் சுவரில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சிற்பத்தை 1979இல் அவரைக் கேட்காமல் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. 2005இல் டெல்லி உயர்நீதிமன்றம் மிச்சமிருந்ததைத் திருப்பிக் கொடுக்கவும், ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. அரசாங்கத்தை எதிர்த்தே ஒரு சிற்பி ஜெயித்திருக்கிறார்.

இப்போது என் மாமனார் கேட்ட கேள்வி. காசு? ஒளிக்காமல் சொல்கிறேன். கட்டுரைக்கு வந்த பணம் பல மாதம் போட்டோ பிரிண்டுக்கே சரியாகப் போனது. இரண்டு ஃபெலோஷிப், சில கண்காட்சிப் பட்டியல்கள், மொழிபெயர்ப்பு, மாலையில் வேதியியல் டியூஷன். வீட்டை நடத்தியது என் மனைவியின் ஆசிரியை சம்பளம். இந்தத் துறைக்கு வர விரும்பும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், வேண்டாம் என்று தடுக்காதீர்கள். இதையும் சொல்லியே அனுப்புங்கள். ஒரு கை வேலைக்கு, ஒரு கை சோற்றுக்கு என்று வைத்துக்கொண்டால் தாக்குப்பிடிக்கலாம்.

தமிழில் எழுதுங்கள் என்றும் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் டெல்லிக்குத் தெரியும். தமிழில் எழுதினால்தான் அந்த ஓவியரின் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு, 'இவரு சும்மா கிறுக்கிக்கிட்டு இல்ல' என்பது தெரியும். லாஸ்பேட்டையில் வாழ்ந்து 2021இல் நம்மை விட்டுப் போன கி.ரா. அவர்கள் பாமரர் பேச்சை அகராதிக்குள் கொண்டுவந்தவர். அவருடைய கரிசல் எழுத்துக்கு ஆதிமூலம் போட்ட கோட்டோவியங்கள், நவீன ஓவியம் என்றால் என்ன என்று தெரியாத வாசகனையும் நின்று பார்க்க வைத்தன. எழுத்தும் ஓவியமும் ஒன்றுக்கொன்று இப்படித் தோள் கொடுத்தால்தான் இரண்டும் நிற்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாம் இறுதியாண்டு படித்தபோது வந்த கல்லூரி மலர் என்னிடம் இருக்கிறது. அட்டையில் கட்டுமரத்தை இழுக்கும் மீனவர்கள், கறுப்பு மையில் அருமையான படம். நம்மோடு படித்த ஒருவர்தான் வரைந்தார். உள்ளே முதல்வர் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் பெயர் இருக்கிறது, விளம்பரம் கொடுத்த ஜவுளிக்கடைகளின் பெயர் இருக்கிறது. வரைந்தவர் பெயர் இல்லை. நாலைந்து பேரைக் கேட்டுவிட்டேன், ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். மலரைக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலருகே மேஜையில் வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் உண்டு. சாப்பிடப் போகும்போது பாருங்கள். தெரிந்தவர் எழுதுங்கள். அப்படியே உங்கள் தெருவில் கோலம் போடுகிறவர், சுவர் விளம்பரம் எழுதியவர், சாமி சிலைக்கு வண்ணம் தீட்டியவர் யாராவது ஞாபகம் வந்தால், அவரைப் பற்றியும் ஒரு வரி.

நிறைய வேண்டாம். பேர், ஊர், தேதி.